தீ வாங்காதவர்

பெரகலச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே வருகிறவர்கள் குடித்துவிட்டுக் காசு கொடுப்பார்கள். தோட்டத்து ஆட்களில் பலர் சம்பள நாளில் கொடுப்பார்கள். பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே காசைப் பலகைமேல் வைக்கிறவர் ஒரே ஒருவர்தான். வைத்த காசைக் கடைக்கார நானா எடுத்துப் பெட்டியில் போடும்வரை கோப்பையைத் தொடமாட்டார். நானா வேறு வேலையாக இருந்தால் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்; அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"குடிச்சிட்டுக் குடுங்க கங்காணி. ஓடியா போகப் போறீங்க?" என்று நானா ஒருநாள் கேட்டார்.

"குடிச்ச பொறகு செத்துப் போயிட்டேன்னா?"

"ஒரு தேத்தண்ணிக் காசுதானே. நான் மன்னிச்சு விட்டுடுறேன்."

"அதுக்குத்தான் பயப்படுறேன்" என்றார் அவர்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காசு பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகு கோப்பையை எடுத்தார்.

சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பி, ஹல்துமுல்லையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சுற்றுப்புறத் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வேலையில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எல்லாரும் 'கங்காணி' என்று அழைத்த அந்த மனிதரின் தோளில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. கால்களில் அட்டைக்கடித் தழும்புகள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி என்றால் கோட்டும் குடையும் என்றே நான் அறிந்திருந்தேன். அவர் எழுந்து போன பிறகு நானாவிடம் விசாரித்தேன்.

"இப்பக் கூலி வேலதான் செய்யிறார். முந்திப் பதுளைப் பக்கம் பெரிய கங்காணி. பேரு போகல, மத்ததெல்லாம் போயிடுச்சு" என்றார் நானா.

'மத்ததெல்லாம்' என்பது என்னவென்பதைச் சிறிது சிறிதாக அறிந்தேன். வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு, காதில் சிவப்புக் கடுக்கன், ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே தனி வீடு, மாடுகள். கடலுக்கு அப்பால் துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வந்தவர் அவர். வழிச்செலவு, அரிசி, கம்பளி, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பணம் அவர் கையால் கொடுக்கப்பட்டு, அவர் கையாலேயே கடனாக எழுதப்பட்டது. கடன் தீராமல் ஓர் ஆள் தோட்டம் மாற முடியாது. 'இவன் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவோம்' என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டில்லாமல் புறப்பட்டவன் பிடிபட்டால் சிறை.

பின்பு சட்டம் துண்டை ஒழித்தது. ஆட்களின் பழைய கடன்கள் தள்ளுபடியாயின. அது நீதியான சட்டம் என்று அன்றும் எண்ணினேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆயினும் ஒரு நல்ல சட்டம் போய்ச் சேரும் இடங்களையெல்லாம் அதை எழுதியவர்கள் பார்த்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. அவர் ஆட்களுக்குக் கொடுத்த பணம் பதுளைச் செட்டியார் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கியது. கீழே கொடுத்தது அழிந்தது. மேலே வாங்கியது அப்படியே நின்றது. பதுளை நீதிமன்றம் அவரைக் கடன் கட்ட வகையின்றி வங்குறோத்து ஆனவர் என்று தீர்மானித்தது. கோட்டு, கடுக்கன், மாடுகள் எல்லாம் ஏலத்தில் போயின. அதன்பின், எஞ்சிய கடனிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆட்களைக் கட்டி வைத்தவரும் கட்டுண்டிருந்த ஆட்களும் இப்படி ஏறக்குறைய ஒரே காலத்தில் விடுதலையானார்கள்.

மனைவி முன்பே இறந்திருந்தாள். மகளை அழைத்துக்கொண்டு நடந்தே வந்து, ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்தார்.

அந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி இளைஞர். முன்பல் ஒன்றில் தங்கம் கட்டியிருப்பார். அவர் இவரை வேலைக்குச் சேர்த்ததில் இரக்கமும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. துறையூர்ப் பக்கத்தில் இவருடைய வார்த்தைக்கு இன்னும் மதிப்பு உண்டு. இவர் போய்ப் பேசினால் ஆட்கள் கப்பலேறுவார்கள். ஆனால், கூப்பிட்டவுடன் போகிற மனிதரா இவர்? இவரை வளைப்பதற்கு முதலில் இவர் எதையாவது கைநீட்டி வாங்க வேண்டும். தங்கப்பல்காரர் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் வேடிக்கையும் பார்க்க விரும்பினார்போலும். இவருக்கு லயத்தில் மாரியாயியின் அறைக்கு அடுத்த காம்பிராவை ஒதுக்கிக் கொடுத்தார்.

மாரியாயி இவருடைய பழைய ஆள். துண்டுக் காலத்தில் அவள் புருஷன் கடனுக்கு அஞ்சித் தோட்டத்தைவிட்டு ஓடி, வெல்லவாயப் பக்கம் பிடிபட்டான். பதுளைச் சிறையிலிருந்து இருமலோடு திரும்பி, அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தான். பிடித்துக் கொடுத்தவர் இவர். துண்டு ஒழிந்ததும் மகனை அழைத்துக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்ட அவள், ஒரு காலையில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே வந்த ஆளைப் பார்த்தபோது என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை. 'நீங்க, வாங்க' என்று பேசிய வாயால் அன்றிலிருந்து அவரை 'நீ' என்றே பேசினாள் என்பது மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடம் அந்த லயத்தின் கோடியில்தான் நடந்தது. ஒரு மழை நாளில் அங்கே போயிருந்தபோது அவர் தமது வாசலில் குந்தியிருந்தார். நெருப்புக்குச்சி நமுத்துப்போய் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துகொண்டிருந்தது. லயத்தில் யார் வீட்டு அடுப்பு அணைந்தாலும் பக்கத்து அடுப்பில் ஒரு கொள்ளி வாங்குவது வழக்கம். அதைக் கேட்பது என்றுகூடச் சொல்லமாட்டார்கள், போய் எடுத்துக்கொள்வார்கள். மாரியாயி ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். இரக்கத்தால் நீட்டினாள் என்று அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"வேணாம்" என்றார்.

"தீ கடனா?"

"வேணாம்னா விடு."

"சாதி பாக்குறியா?"

"சாதியும் ஏலத்துல போயிடுச்சு மாரியாயி. வேணாம்."

அவள் கொள்ளியைச் சாக்கடையில் எறிந்தாள். அது சீறி அணைந்தது. அன்று மாலை தகப்பனும் மகளும் அவலை நனைத்துத் தின்றார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியர் பிறகு சொன்னார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் தோட்டத்தில் கம்பளி கொடுப்பார்கள். விலை சம்பளத்தில் பிடிக்கப்படும். அவர் வாங்கவில்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அங்கே எல்லார் முன்னிலையிலும் தங்கப்பல்காரர் ஒரு கம்பளியை நீட்டினார்.

"இத எழுத மாட்டேன் பெரியவரே. சும்மாத்தான் தர்றேன்."

"சும்மாக் குடுத்த கம்பளி எத்தனையோ நானே எழுதியிருக்கேன், தம்பி."

ஆட்கள் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. தங்கப்பல்காரரும் சிரித்தார், ஆனால், ஆட்கள் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் கேள்விப்பட்டு அவரை வியந்ததுண்டு. கடனே வாழ்க்கையாக இருந்த இடத்தில், ஒரு மனிதர் கடனில்லாமல் நின்று காட்டுகிறார் என்று என் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அவர் மகளைப் பார்த்த நாளில் அந்தப் பெருமையில் ஒரு கீறல் விழுந்தது. தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துவிட்டு வந்த களைப்பில் அந்தப் பெண் மாரியாயியிடம் ஒரு பிடி செத்தல் மிளகாய் வாங்கிச் சம்பல் அரைத்துவிட்டாள். தகப்பனார் ஒரு வாய் உண்டார். மிளகாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். உடனே மகளை மழையில் ஹல்துமுல்லைக் கடைக்கு அனுப்பி, மிளகாய் வாங்கிவரச் செய்து, மாரியாயி வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அவள் கடையிலிருந்து இறங்கி வருகிற பாதையில் நான் எதிர்ப்பட்டேன். மிளகாய்ச் சரையை நனையாமல் மார்போடு அணைத்திருந்தாள். அவள் முழுக்க நனைந்திருந்தாள்.

"காலையில குடுத்தா ஆகாதாம்மா?"

"ராத்திரிக்குள்ள செத்துட்டா என்ன பண்றதுன்னு கேப்பாருங்க ஐயா" என்றாள். பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டே, "நாங்க இந்த லயத்துல இருக்கோமுங்க. ஆனா யாரோடயும் இல்லீங்க" என்றாள்.

அவளுக்குக் கொஸ்லந்தைத் தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல உழைப்பாளி; தகப்பன் உள்ள பையன். கல்யாணச் செலவுக்கு என்ன செய்வார் என்று லயம் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கப்பல்காரர் அவர் வாசலுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போய் அன்று நானும் அங்கே இருந்தேன்.

"கல்யாணத்த நான் நடத்துறேன் பெரியவரே. தை மாசம் ஒரு நடை ஊருக்குப் போயிட்டு வாங்க. நாலு குடும்பத்தக் கூட்டியாங்க. கோட்டுத் தச்சுத் தர்றேன்."

"நான் கூப்பிட்டா வருவாங்க, தம்பி."

"அதான் சொல்றேன்."

"வந்துடுவாங்க. அதனாலதான் கூப்பிட மாட்டேன்."

தங்கப்பல்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எத்தன நாளைக்கு? ஒரு காய்ச்ச வந்தாப் போதும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது எனக்கல்ல என்பது மூவருக்குமே தெரியும்.

தாமும் மகளும் மிச்சம் பிடித்த கூலியில் செலவைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம், சோறு பருப்புக் கறியோடு எல்லாருக்கும் சாப்பாடு என்று அவர் வீடு வீடாகப் போய் அழைத்தார். ஒவ்வொரு வாசலிலும் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்: "மொய் வேணாம்."

இதன் பொருளைத் தோட்டத்தை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் மொய் வைக்கிறவன் நாளை தன் வீட்டுக் காரியத்தில் அது திரும்பி வரும் என்றுதான் வைக்கிறான். வாங்கியவர் திருப்பும்போது கொஞ்சம் கூட்டி வைப்பார். அந்தக் கூடுதலை முதலில் வைத்தவர் பிறகு திருப்ப வேண்டும். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் கடன்பட்டுக்கொண்டே இருப்பதால்தான் உறவு நிற்கிறது. வாங்கியதைச் சரிக்குச் சரியாகத் திருப்பினால் 'இனி நமக்குள் ஒன்றுமில்லை' என்று அர்த்தம். வாங்கவே மாட்டேன் என்றால்?

"மொய் வேணாம்னா ஆளே வேணாம்னு அர்த்தமுங்க ஐயா. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்று மகள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

நான் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மொய் திருப்பிச் செய்ய வேண்டியது. நான் செத்தா எம் மக செய்யணும். தகப்பன் வாங்குனத மகன் பேருல எழுதுனவன் நான், ஐயா. எழுதுறப்ப அந்தப் பயலுக்குப் பால் பல்லு விழுந்திருக்காது. எம் மக பேருல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அது வேறு, இது வேறு அல்லவா?"

"வாங்குறப்ப எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்" என்றார்.

கல்யாணத்தன்று லயத்து ஆட்கள் வந்தார்கள். வராவிட்டால் வெளித்தோட்டத்தார் முன்னால் தங்களுக்கே இழுக்கு என்று வந்தார்கள். ஆனால், பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. பாயில் ஒருவரும் உட்காரவில்லை. பந்தலைச் சுற்றி வேலிபோல் கைகட்டி நின்றார்கள். உள்ளே மணமக்களும் பூசாரியும் கொஸ்லந்தை ஆட்களும் மட்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து குனிந்தார்.

"ஏங்க ஐயா, பொண்ணு வீட்டுச் சனம் ஏன் நிக்கிது? மொய்த் தட்டையும் காணோம். இவங்கள ஒதுக்கி வச்சிருக்காங்களா?"

அப்படி ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப உக்காரட்டும். அதுக்கப்புறம் தாலி" என்று சொல்லிவிட்டு, மகனின் தோளில் கையை வைத்து நின்றுகொண்டார். அவர் கோபப்படவில்லை. அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் சிறிது நேரம் இப்படியே போனால், மகனை எழுப்பிக்கொண்டு போய்விடுவார்.

பூசாரி தாலித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றார். மணப்பெண் தலையை நிமிர்த்தவில்லை. அவர் மகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். துவைத்த வேட்டி, மேலே ஒன்றுமில்லை.

அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போலத் தங்கப்பல்காரர் பந்தலுக்குள் நுழைந்தார். கையில் புதிய சிவப்புக் கம்பளி, அதன்மேல் நோட்டுகள்.

"பெரியவரே, மொதக் கை நான் வைக்கிறேன். நான் உக்காந்தா எல்லாரும் உக்காருவாங்க. கைய நீட்டுங்க."

அது உண்மை. தங்கப்பல்காரர் உட்கார்ந்தால் லயமே உட்காரும். தகப்பனார் மகளைப் பார்த்தார். கைகள் சிறிது அசைந்தன என்று நினைக்கிறேன்.

"இருங்க" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

மாரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே வந்தாள். ஐந்து ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு கொழுந்துக்காரிக்கு அது எத்தனை நாள் முதுகு என்பதை அங்கிருந்த எல்லாரும் அறிவார்கள்.

"மொய் வாங்க மாட்டியாமே. வாங்காத. இது மொய் இல்ல. எம் புருஷன் உனக்குப் பட்ட கடன்ல ஒரு பங்கு. மிச்சத்த நானும் எம் மகனும் கட்டுறோம்."

"அது தள்ளுபடி ஆயிடுச்சு" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அது கேட்டது.

"சர்க்கார் தள்ளுச்சு. நானா தள்ளச் சொன்னேன்? நீ ஒரு கொள்ளி வாங்க மாட்ட, ஒரு பிடி மொளகா வாங்க மாட்ட. ஒன் கணக்க மட்டும் கழுவித் தொடச்சு வச்சுக்குவ. நாங்க மட்டும் காலம்பூரா ஒனக்குக் குடுக்காம விட்டவங்களா நிக்கணுமா? பிடி. எனக்கும் தலை நிமிரணும்."

கூட்டத்தில் ஓர் அசைவு. அவருடைய பழைய ஆட்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் கைகளும் மடியைத் தேடின.

தங்கப்பல்காரரின் முகம் தெளிந்தது. அவருடைய ஆட்களின் கடனும்தான் தள்ளுபடியாகியிருந்தது. சட்டம் என்ன சொன்னாலும் வாங்கியது வாங்கியதுதான் என்று பெரட்டில் அவர் சொல்லாத நாளில்லை.

"இது பேச்சு! கடன் சாகாதுன்னு சனமே சொல்லுது, பாருங்க" என்று என் பக்கம் திரும்பினார். "ஐயா, படிச்சவங்க நீங்க. ஒரு தாளெடுத்து எழுதுங்க. மாரியாயி, பழைய பாக்கியில அஞ்சு ரூபான்னு எழுதுங்க. இன்னும் யாரார் குடுக்குறாங்களோ எல்லாத்தையும் எழுதுங்க."

என் சட்டைப்பையில் தாளும் பென்சிலும் இருந்தன. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், எழுதினால் என்ன ஆகும் என்று தோன்றியது. ஒரு பெண் தன்மானத்துக்காக நீட்டிய பணம் அது. அதைப் 'பழைய பாக்கி' என்று தாளில் இறக்கினால், அந்த மலைச்சரிவில் செத்துப்போன கடன்கள் எல்லாம் எழுந்து உட்காரும். எழுத மறுத்தால், அவள் நீட்டிய கையை இன்னொரு தடவை தள்ளியதாகும். பென்சில் தாளின்மேல் நின்றது.

அவர் அசைந்தார். மணமக்கள் முன்னால் இருந்த பித்தளைத் தட்டை எடுத்தார்; அதிலிருந்த வெற்றிலைகளைப் பாயில் கொட்டினார். வெறுந்தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மாரியாயி முன்னால் வந்து நின்றார்.

"ஒன் புருஷன் எனக்குக் கடன் படல" என்றார். இந்த முறை குரல் எல்லாருக்கும் கேட்டது. "வெல்லவாய வரைக்கும் ஆள் விட்டுத் தேடுன செலவ அவன் பேருலயே எழுதினேன். ஜெயில்ல இருந்த நாளுக்கு வட்டி எழுதினேன். அதுக்குப் பேரு கடனா? சர்க்கார் தள்ளாட்டாலும் அது கடன் இல்ல. பழைய பாக்கின்னு எனக்கு யாரும் ஒரு சல்லி குடுக்க வேண்டியதில்ல."

தட்டை நீட்டினார்.

"மொய்யா போடு. நான் ஒனக்குத் தரணும்."

மாரியாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போடாமல் திரும்பிவிடுவாளோ என்று நான் அஞ்சினேன். பிறகு பணம் தட்டில் விழுந்தது.

"ஐயா, சத்தமா வாசிங்க" என்றார் அவர்.

"மாரியாயி, மொய், ஐந்து ரூபாய்" என்று எழுதிக்கொண்டே வாசித்தேன்.

மாரியாயி பாயில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், இருவர், பிறகு வேலியாக நின்ற கூட்டம் முழுவதும் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மகனின் தோளிலிருந்து கையை எடுத்தார். மேளம் கொட்டியது. தாலி ஏறியது.

தங்கப்பல்காரர் கம்பளியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னாலும் தட்டு போயிற்று. "நீங்களும் போடுங்க தம்பி. மொய்யின்னு ஐயா எல்லாருக்கும் கேக்குறாப்ல வாசிப்பாரு." மொய்யென்று வாசிக்கப்பட்ட கம்பளிக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அவர் அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

விருந்து முடியும்வரை பேர் பேராக எழுதினேன். ஒவ்வொரு பேரை வாசிக்கும்போதும் அவர் தலையைச் சிறிது தாழ்த்தினார். அன்று நான் கண்டது மகிழ்ச்சியான முகமன்று. தம் பொருள்கள் ஒவ்வொன்றாக ஏலம் போவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவரின் முகம் அது. ஆனால், தட்டை அவர் கீழே வைக்கவில்லை.

அடுத்த நாட்களில் பெரட்டில் அவர் பேர் கூப்பிடப்படவில்லை. வேலையில்லாத ஆளுக்கு லயத்தில் இடமில்லை. ஒரு காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொஸ்லந்தைக்குப் புறப்பட்டார். துண்டுக் காலமாக இருந்தால் பாதையில் ஆள் நிறுத்தியிருப்பார்கள். இப்போது யாரும் தடுக்கவில்லை. கொழுந்து மலையிலிருந்து மாரியாயி கூவினாள்.

"மொய்யத் திருப்பாம எங்க ஓடுற? வெல்லவாயக்கு ஆள் விடணுமா?"

சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வார்த்தையை வைத்து அவள் சிரிப்புக் காட்டுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் திரும்பி நின்றார்.

"மகனுக்குக் கல்யாணம்னாச் சொல்லிவிடு. வர்றேன்" என்றார்.

மாரியாயி மகனின் கல்யாணம் நடப்பதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் உடம்பு தளர்ந்துவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. "வங்குறோத்துக்காரன்கிட்ட வச்ச மொய் திரும்புமா?" என்று தங்கப்பல்காரர் கேட்டுத் திரிந்தார். மாரியாயி கொஸ்லந்தைக்கு இரண்டு முறை ஆளனுப்பிச் சொல்லிவைத்தாள்.

கல்யாணத்தன்று பெரகலக் கடையில் அவரைக் கண்டேன். மழை. தலையில் அதே சாக்கு. இளைத்திருந்தார். காசை முதலில் பலகைமேல் வைத்தார். நானா பெட்டியில் போட்ட பிறகு குடித்தார். மாறவே இல்லை என்று எண்ணினேன். மடியை அவிழ்த்துக் காசை அடுக்கிப் பார்த்தார். ஐந்து ரூபாய்க்கு மேலும் இருந்தது. சரிக்குச் சரியாகத் திருப்பித் தீர்த்துவிடப் போகிறாரோ என்ற கலக்கம் எனக்குள் எழுந்தது. கூட்டி வைத்தால் மாரியாயி மறுபடி இவருக்குக் கடன்காரியாவாள். அதை இவர் செய்யமாட்டார். அப்படியானால் இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே அவரோடு இறக்கத்தில் நடந்தேன்.

பந்தலில் தாளும் பென்சிலும் மறுபடி என் கைக்கு வந்தன. அவர் தட்டில் காசை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். எண்ணினேன், நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

"நாலே முக்கால் ரூபாய்" என்று வாசித்தேன்.

வாங்கியதைவிடக் குறைத்து மொய் வைத்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மடியில் இன்னும் காசு இருந்தது எனக்குத் தெரியும்.

மாரியாயி எழுந்து வந்தாள்.

"கால் ரூபா கொறையுது."

"கொறையட்டும். அது என் பேருல நிக்கட்டும்."

"எப்பத் தருவ?"

"நீ கூப்பிடுறப்பல்லாம் வர்றேன். அத மட்டும் கேக்காத" என்றார்.

என்ன எழுதுவதென்று நான் மாரியாயியைப் பார்த்தேன்.

"எழுதுங்க ஐயா, கால் ரூபா பாக்கி" என்றாள், பந்தல் முழுவதும் கேட்கும்படி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஈரச் சாக்கோட நிக்காத. அடுப்புக்கிட்ட வா."

அவர் போனார்.